கமடோரின் கடிகாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பறியும் தொடரான ‘கொலம்போ’ பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1976 மே 2 அன்று ஒளிபரப்பான ‘லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்’ பகுதியை, வழக்கமான பாணியை மீறியதால் தோற்றது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. ஐந்தாவது சீசனின் கடைசிப் பகுதி அது. அதன் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

கொலம்போ கதைகளில் கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுவார்கள். அதனால்தான் கொலம்போவாக வரும் பீட்டர் ஃபாக் கோட்டுப் பையைத் துழாவிப் பென்சில் தேடினாலும், வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்டாலும் நமக்குப் படபடக்கிறது. எதிரே நிற்பவர் எதை மறைக்கிறார் என்பது தெரிந்திருப்பதால் வரும் படபடப்பு அது. தெரியாவிட்டால் அதே துழாவல் நேரத்தைக் கடத்துவதுபோல் ஆகிவிடும்.

இந்தப் பகுதியில் ‘கமடோர்’ என்று அழைக்கப்படும் படகு நிறுவன அதிபர் ஓட்டிஸ் ஸ்வான்சனின் கொலையை நாம் பார்ப்பதில்லை. மருமகன் சார்லி க்ளே தடயங்களைத் துடைப்பதும் உடலைக் கடலுக்குக் கொண்டுபோவதும்தான் தெரிகிறது. சார்லியாக வரும் ராபர்ட் வான், முந்தைய ஆண்டுதான் ‘ட்ரபிள்ட் வாட்டர்ஸ்’ பகுதியில் கப்பலில் கொலை செய்து மாட்டிக்கொண்டவர். பழகிய ரசிகர் உடனே முடிவு கட்டிவிடுவார். பிறகு அந்தச் சார்லியே பிணமாகக் கிடக்கிறார்! நடிகர் தேர்வையே பொறியாக்கிய இந்தத் திருப்பம் உண்மையிலேயே அருமை. இதைக் கட்டுரை குறிப்பிடாதது வருத்தமே.

சரிவு அதற்குப் பின்தான். கொலம்போவுக்கு ஈடுகொடுத்து நின்ற ஒரே ஆள் போய்விட்டார். மிச்சமிருப்பவர்கள் நாம் பாதிகூட அறியாதவர்கள். நிஜக் கொலையாளியான உறவினர் ஸ்வானிக்குக் காரணம் இருக்கிறது: கமடோரின் மகள்மேல் பழி விழுந்தால் சொத்து தன் பக்கம் வரும். ஆனால் அவரும் கொலம்போவும் நேருக்கு நேர் மோதும் காட்சிகள் போதவில்லை. கடைசியில் எல்லோரையும் கூட்டிவைத்து, ஒவ்வொருவர் காதருகிலும் ஒரு கடிகாரத்தைப் பிடித்து, “கமடோரின் கடிகாரம்” என்கிறார் கொலம்போ. ஸ்வானி மட்டும் சட்டென்று “டிஸின்ட்”, அதாவது ‘அது இல்லை’, என்று உளறுகிறார். கொலையின்போது கமடோரின் கடிகாரம் உடைந்துபோனது அவருக்குத் தெரியும். இதுவோ டிக்டிக் என்று ஓடுகிறது. கேட்கச் சுவைதான். ஆனால் நீதிமன்றத்தில் இந்த ஒற்றைச் சொல்லை வைத்து என்ன செய்ய முடியும்? ‘வேறு ஏதோ நினைவில் சொன்னேன்’ என்றால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

இதை எழுதிய ஜாக்சன் கில்லிஸ்தான் 1971இல் ‘சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்’ எழுதியவர். அதில் திருட்டு ஓவியங்களில் கொலம்போவின் கைரேகையே பதிந்திருக்கிறது. கொலையாளியின் வீட்டில் அவர் அந்த ஓவியங்களைத் தொட்டுப் பார்த்ததை நாமும் முன்பே பார்த்திருக்கிறோம். “இப்போதுதான் தொட்டீர்கள்” என்று கொலையாளி தப்பப் பார்க்கும்போது, கொலம்போ கோட்டுப் பையிலிருந்து இரு கைகளையும் வெளியே எடுக்கிறார். கையுறை! மறுபேச்சுக்கு வழியில்லை. கமடோர் கதையிலும் கொலை நேரத்தில், முகம் காட்டாமல், கடிகாரம் உடைவதை மட்டும் காட்டியிருந்தால் முடிவுக்கு அந்த வலு ஓரளவாவது கிடைத்திருக்கும்.

இயக்கிய பேட்ரிக் மெக்கூஹனுக்கும் இதில் பங்குண்டு. தியானத்தில் இருக்கும், கமடோர் மணக்கவிருந்த லிசாவோடு கொலம்போ காலை மடக்கி உட்காரும் காட்சி எதையும் துப்புத் துலக்குவதில்லை. 1974இல் ‘பை டான்ஸ் எர்லி லைட்’ பகுதியில் கொலையாளியாக நடித்து எம்மி விருது வாங்கிய அதே மெக்கூஹன்தான். தொடரின் நாடி தெரியாதவர் அல்ல. கடைசியில் கொலம்போ சிறு படகில் துடுப்புப் போட்டுத் தனியே போகிறாரே, அந்தக் காட்சியை அவரைத் தவிர யாரும் அவ்வளவு அமைதியாக எடுத்திருக்க மாட்டார்கள்.

புதிதாகப் பார்க்க நினைக்கும் வாசகர்கள் ‘ட்ரபிள்ட் வாட்டர்ஸ்’ பார்த்துவிட்டு இதற்கு வரட்டும். வரிசை மாறினால் சார்லியின் பிணம் தரும் அதிர்ச்சி பாதியாகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்