எல்.இ.டி. மேடைக்கும் எர்த் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்களும் பங்குனி, சித்திரைத் திருவிழா நாடகங்களும் அடுத்தடுத்து வரும் மாதங்கள் இவை. இப்போது எந்த ஊர் மேடையைப் பார்த்தாலும் எல்.இ.டி. பார் லைட்டுகள்தான் (PAR, டப்பா வடிவ மேடை விளக்குகள்) வரிசையாகத் தொங்குகின்றன. ‘ஆயிரம் வாட் ஹாலஜன் காலம் போய்விட்டது, இதெல்லாம் கரண்டே இழுக்காது, எந்த பிளக்கில் வேண்டுமானாலும் செருகலாம்’ என்று விழாக் குழுவினர் சொல்கிறார்கள். லைட் செட் வாடகைக்கு விடுபவர்களில் சிலரும் அதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சு ஆபத்தானது. ஏன் என்று விழா நடத்துபவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லோடு குறைந்தது உண்மைதான். ஆயிரம் வாட் பார் கேன் ஒன்று 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மாட்டினால் 52 ஆம்பியர். அதனால் தனி லைன், தடித்த கேபிள், த்ரீ பேஸ் என்று முன்கூட்டியே யோசித்தார்கள். 150 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 0.65 ஆம்பியர் போதும் என்று இப்போது கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மலிவான விளக்குகளில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் பயனாகும் பங்கு) 0.6 அளவில் இருப்பது சாதாரணம். அப்போது அதே விளக்கு இழுப்பது ஏறக்குறைய 1.1 ஆம்பியர். ஒன்றின் பின்னால் ஒன்றாக இருபது விளக்கைக் கோத்து ஒரே பிளக்கில் செருகினால் 22 ஆம்பியர் ஆகிவிடும். 16 ஆம்பியர் பவர் பிளக்கே அதைத் தாங்காது; செருகுவதோ பெரும்பாலும் பள்ளிச் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில்.

சுவிட்ச் போட்ட கணத்திலேயே எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதும் உண்டு. அதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கின் பவர் சப்ளையிலும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது நிரம்பும் அந்த நொடித்துளியில் வழக்கமான கரண்ட்டைப் போலப் பல மடங்கு பாயும். இருபதும் ஒரே நேரத்தில் நிரம்பினால் எம்.சி.பி. அதை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொள்ளும். உடனே 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை. 1.5 சதுர மி.மீ. வயருக்கு மேலே 32 ஆம்பியர் போட்டால், வயர் கருகும்வரை அது விழாது. விளக்குகளை நான்கு நான்காகப் பிரித்து, சில நொடி இடைவெளி விட்டுப் போடுங்கள். எம்.சி.பி.யும் பி வகையாக இல்லாமல் அதே ஆம்பியரில், தொடக்கப் பாய்ச்சலைச் சற்றுப் பொறுக்கும் சி வகையாக இருக்கட்டும்.

கேபிளைப் பற்றி ஒரு கணக்கு. 1 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் வயரில் 50 மீட்டர் தள்ளி 15 ஆம்பியர் கொண்டுபோனால், போக வர 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 ஓம் ரெசிஸ்டன்ஸ். 29 வோல்ட் வழியிலேயே போய்விடும். 440 வாட் வயரிலேயே சூடாகும். மிச்சமான வயரைச் சுருட்டி மேடைக்கு அடியில் வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, வயரின் மேலுறை உருகிவிடும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 12 வோல்ட். எந்த வயரானாலும் முழுக்கப் பிரித்துப் போட வேண்டும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது எர்த். எல்.இ.டி. விளக்கின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்தும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலிலிருந்தும் (அது திரும்பும் கம்பி) விளக்கின் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போடப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அதன் வழியாகச் சிறிது கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் பின் இல்லாத டூ பின் பிளக்கில் மாட்டினால் விளக்கின் உடம்பில் 115 வோல்ட் அளவு நிற்கும். ஒரு விளக்கைத் தொட்டால் ‘சுருக்’ என்று இருக்கும், அவ்வளவுதான். இருபது விளக்கு ஒரே இரும்புக் குழாயில் தொங்கும்போது எல்லாக் கசிவும் அந்தக் குழாயில் சேர்கிறது. விளக்குக்கு அரை மில்லி ஆம்பியர் என்றாலும் மொத்தம் 10 மில்லி ஆம்பியர். அந்த அளவில் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். விளக்குகளில் ஒன்றுகூடப் பழுதாகாமலே இது நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் விடிய விடிய நடக்கின்றன. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வியர்வையில் நனைந்த உடையோடு, பனி இறங்கிய பலகையில் நின்று, உதட்டுக்கு அருகில் மைக்கை வைத்துப் பாடுகிறார்கள். மைக்கின் உலோகக் கூடு ஷீல்டு வயர் வழியாக ஆம்பிளிஃபயரின் உடலோடு இணைந்தது. ஆம்பிளிஃபயருக்கு ஒரு இடத்தில் எர்த் இருந்து, விளக்குக் குழாய்க்கு எர்த் இல்லை என்றால், ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி மைக்கைத் தொடுபவரின் நெஞ்சு வழியாகத்தான் அந்தக் கசிவு போகும். ‘மைக்கில் ஷாக் அடிக்கிறது’ என்று கலைஞர்கள் சொன்னால் மைக்குக்குக் கைக்குட்டை சுற்றிக் கொடுத்துவிட்டு நாடகத்தைத் தொடர்கிறார்கள். ஷாக் அடித்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு எர்த்தைத் தேட வேண்டும்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது என்பதற்காக ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தெறிவது இன்னும் மோசம். ஒலிக்கும் ஒளிக்கும் எர்த் ஒரே போர்டிலிருந்து வரட்டும். பேஸ் மட்டும் வேறாக இருக்கட்டும். மைக் கேபிளையும் பவர் கேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்கட்டும். அதற்கும் மிஞ்சிய ஹம்முக்கு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

விளக்கு மாட்டும் இரும்புக் குழாயை 6 சதுர மி.மீ. பச்சைக் கம்பியால் போர்டின் எர்த்தோடு இறுக்க வேண்டும். திறந்தவெளியில் எர்த்தே இல்லை என்றால் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை ஈர மண்ணில் இறக்க வேண்டும். ஒரு முழ ஆணியை அடித்து வைப்பது எர்த் ஆகாது. அந்தப் பைப்பை நம்பி மட்டும் இருக்கவும் முடியாது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) அவசியம். மண்ணில் அடித்த பைப்பின் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருக்கும்போது எம்.சி.பி. விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாது, ஆர்.சி.சி.பி.தான் விழும். எல்லா விளக்கையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால், மேலே சொன்ன இயல்பான கசிவு சேர்ந்தே அதை அடிக்கடி விழ வைக்கலாம். நாடகம் நிற்கிறதே என்று அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். பத்து விளக்குக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது. பேஸையும் நியூட்ரலையும் ஒரே ஆள் இரண்டு கையாலும் தொட்டால் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது என்பதையும் ஹெல்பர் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்தது நியூட்ரல். த்ரீ பேஸ் மேடையில் நியூட்ரல் கழன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பேஸில் 4 கிலோவாட் விளக்கு, இன்னொரு பேஸில் 1 கிலோவாட் ஒலி அமைப்பு, மூன்றாவது காலி என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் போனதும் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரியலில் நிற்கும். விளக்குக்கு 80 வோல்ட்டும் ஆம்பிளிஃபயருக்கு 320 வோல்ட்டும் கிடைக்கும். 320 வோல்ட்டின் உச்சம் 450ஐத் தாண்டும். 400 வோல்ட் கெப்பாசிட்டர் வெடிக்கும். ஹாலஜன் இருந்த காலத்தில் ஒரு பக்கம் மங்கி, இன்னொரு பக்கம் கண் கூசும்படி எரியும். அதைப் பார்த்ததும் மெயினை இழுத்துவிடுவார்கள். எல்.இ.டி.யோ 100 வோல்ட்டிலிருந்து 240 வரை ஒரே வெளிச்சத்தில் எரியும்படி செய்யப்பட்டது. வெடிக்கும்வரை பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் தராது.

மூன்று பேஸிலும் லோடைச் சமமாகப் பிரித்துவிட்டால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்ற பாடமும் எல்.இ.டி.க்குப் பொருந்தாது. இந்தப் பவர் சப்ளைகள் கரண்டைத் துண்டு துண்டாக இழுப்பதால் உண்டாகும் 150 ஹெர்ட்ஸ் அலைகள் மூன்று பேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடுகின்றன. சில நேரம் பேஸைவிட நியூட்ரலில் அதிகம் ஓடும். ஆகவே நியூட்ரல் வயர் பேஸ் வயரைவிட மெலிதாக இருக்கவே கூடாது, அதில் தனி ஃபியூஸும் கூடாது. அரை மணி நேரம் முழு லோடு ஓட்டிவிட்டு, மெயினை அணைத்து, மீட்டரால் உறுதி செய்தபின் நியூட்ரல் லிங்க்கை (போர்டில் நியூட்ரல் வயர்கள் சேரும் உலோகக் கட்டை) தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஸ்குரூ லூஸ்.

நிறக் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. நம் த்ரீ பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். இறக்குமதி விளக்கின் வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்துவிட்டால் விளக்குக்குப் போவது 400 வோல்ட்.

ஜெனரேட்டர் வைப்பவர்கள் அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இணைக்காவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் வேலை செய்யாது. மின்வாரியக் கம்பியில் கொக்கி போடுவது திருட்டு மட்டுமல்ல, அந்த லைனில் உங்களுக்கென்று ஃபியூஸும் எர்த்தும் எதுவும் இல்லை. தற்காலிக இணைப்பு கேட்டால் கொடுக்கிறார்கள்.

பழைய டிம்மர் இருக்கும் மண்டபங்களில் எல்.இ.டி. விளக்கை டிம்மர் லைனில் மாட்டாதீர்கள். டிம்மரை நூறு சதவீதத்தில் வைத்தாலும் மாட்டக் கூடாது. அதற்கு டைரக்ட் லைன் வேண்டும். விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். கேபிளுக்குப் பதிலாக மைக் கேபிள் போட்டு, கடைசி விளக்கில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரும் மாட்டாமல் விட்டால் விளக்குகள் தாமாகவே துடிக்கும். ஒரு வரிசையில் 32 விளக்குக்கு மேல் வேண்டாம். இரண்டாகப் பிரிக்க வேண்டுமானால் ஒய் கேபிள் கூடாது, ஸ்பிளிட்டர் போடுங்கள். ஹாலஜன் இன்னும் வைத்திருப்பவர்கள் திரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே மாட்ட வேண்டும். மேடைக்கு மின்விளக்கு வந்ததே பாதுகாப்பின் பெயரில்தான். 1881ஆம் ஆண்டு லண்டன் சவாய் தியேட்டரில் மின்விளக்கைக் கொண்டுவந்த அதன் உரிமையாளர் டி’ஓய்லி கார்ட், எரியும் பல்பை மஸ்லின் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்து, துணி கருகவில்லை என்று காட்டினார். கேஸ் விளக்கின் தீ விபத்துகளுக்குப் பயந்த ரசிகர்களிடம் அவர் காட்ட விரும்பியது பாதுகாப்பைத்தான்.

எல்.இ.டி. வந்தபின் மேடையில் குறைந்துபோன இன்னொன்று நடிகரின் முகம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை என்று அடிக்கிறார்கள். அந்த வெள்ளையில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடமே இல்லாததால் நம் தோல் நிறம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பட்டுச் சேலையின் அரக்கு ஒரு நிறமாகவே இருக்காது. முகத்துக்கு 3200 கெல்வின் வார்ம் வொயிட் விளக்கைத் தனியாக வையுங்கள். கலர் பார் லைட்டைப் பின்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஒதுக்குங்கள். மேடைக்கு நேர் எதிரே தலை உயரத்தில் ஸ்டாண்டு போட்டு அடிப்பதால்தான் பின்திரை முழுக்க நிழல் விழுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் கற்பித்த முறை இன்றும் போதுமானது: முகத்துக்கு இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, இரண்டும் 45 டிகிரி மேலிருந்து, ஒன்று சற்று மஞ்சள், ஒன்று சற்று நீலம். முகத்தைவிட மூன்று மீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால் அதே அளவு முன்னால் தள்ளி மாட்டினால் அந்தக் கோணம் வந்துவிடும். முப்பது அடிக்கு இருபது அடி மேடையை ஆறு பகுதியாகப் பிரித்தால் பன்னிரண்டு விளக்குப் போதும். நாற்பது பார் லைட் வாடகைக்கு எடுப்பவர்கள் இந்தப் பன்னிரண்டை முதலில் எடுக்கலாம்.

கல்யாண மண்டபங்கள், பள்ளி அரங்குகளின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மேடைக்கென்று தனி த்ரீ பேஸ் போர்டு வையுங்கள். எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையும் ஆண்டு விழாவுக்கு அனுமதி தரும்போது, உரிமம் பெற்ற வயர்மேன் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சோதனைத் தாளைக் கேட்க வேண்டும். லோடு போட்டபின் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எத்தனை வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை, டெஸ்ட் பட்டனை அழுத்தியபோது ஆர்.சி.சி.பி. விழுந்ததா, எர்த் டெஸ்டரில் எத்தனை ஓம் என்ற நான்கு விவரம் அதில் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை திரையைத் தூக்கக் கூடாது. எர்த்தை மல்டிமீட்டரால் மட்டும் பார்த்துத் தாளில் எழுதுவதை ஏற்க வேண்டாம்: மீட்டர் இழுப்பது மிகச் சிறிய கரண்ட் என்பதால், எர்த் வயரில் துருப்பிடித்த ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அது 230 வோல்ட் காட்டிவிடும்.

இப்படிக்கு,
மேடை ஒளியமைப்பாளர்,
மதுரை.