கார்கில் – லே இடையே ஆண்டு முழுவதும் பயணிகள் விமானம் இயக்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கார்கில் நகரப் பொதுமக்கள்,
லடாக் யூனியன் பிரதேசம்.

பெறுநர்:
மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்கள்,
லடாக் யூனியன் பிரதேசம், லே.

பொருள்: கார்கில் – லே விமான சேவை தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். கார்கிலுக்கும் லேவுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 140 கிலோமீட்டர். சிறிய விமானத்துக்கு அது அரை மணி நேரப் பயணம். சாலையிலோ இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். நமிக்கா லா கணவாயையும், 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லா கணவாயையும் கடந்து லே போய்ச் சேர, வானிலை நன்றாக இருக்கும் நாளிலேயே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. பனி பொழிந்துவிட்டால், எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர்கள் உறைகுளிரில் நின்று வழியைச் சீர்செய்யும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்களது உழைப்பை நாங்கள் நன்றியுடன் நினைக்கிறோம்.

குளிர்காலத்தில் ஜோஜி லா கணவாய் மூடப்பட்டு ஸ்ரீநகர் வழி அடைபட்டதும், வெளியுலகுக்குச் செல்ல எங்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் லே விமான நிலையமே. உயரத்தால் அடர்த்தி குறைந்த காற்றும் பிற்பகலில் வீசும் பலத்த காற்றும் காரணமாக அங்கிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. ஆகவே தில்லி செல்லும் கார்கில்வாசி முந்தைய நாளே லே சென்று, கடுங்குளிரில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அந்த விமானம் ரத்தானால் தங்கும் செலவு மேலும் கூடுகிறது. தில்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிட முடிகிற காலத்தில், சொந்த மாவட்டத் தலைநகரிலிருந்து லே விமான நிலையத்தை அடைய ஒரு பகல் முழுவதும் செலவாவது முறையன்று. மேல்சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதனால் படும் துன்பத்தைத் தாங்கள் தனிக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

குளிர்காலத்தில் விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் கார்கிலுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது பெரும் உதவி. 2024 ஜனவரியில் அதே படையின் சி-130ஜே விமானம் எங்கள் ஓடுதளத்தில் முதன்முறையாக இரவில் தரையிறங்கியது. ஓடுதளம் குறுகியது, மலைகள் சூழ்ந்தது என்பதை நாங்கள் அறிவோம். பெரிய ஜெட் விமானத்தை நாங்கள் கேட்கவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு 2022 ஏப்ரலில் 17 இருக்கைகள் கொண்ட டோர்னியர் விமான சேவை தொடங்கப்பட்டது. அதுபோன்ற சிறு விமானம் கார்கிலின் உயரத்துக்குப் பொருந்துமா என்பதை வல்லுநர்கள் நேரில் ஆய்ந்து சொல்லட்டும்.

தொலைவு குறைவு என்பது இக்கோரிக்கைக்குத் தடையாகக் கூடாது. மத்திய அரசின் மண்டல விமான இணைப்புத் திட்டமான உடானில் மலைப்பகுதிகளுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் குறைந்தபட்சத் தொலைவு வரையறை இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

எனவே, லேவிலிருந்து புறப்படும் காலை விமானங்களைப் பிடிக்கும் வகையில் கார்கில் – லே சேவையை அத்திட்டத்தின் கீழ் தொடங்க மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரையில், குளிர்கால விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றின் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு, நோயாளிகளுக்கும் தேர்வெழுதச் செல்லும் மாணவர்களுக்கும் இருக்கைகளில் முன்னுரிமை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்கில் நகரப் பொதுமக்கள்

இடம்: கார்கில்