டப்ளினில் கேட்ட திஸ்ர நடை

டப்ளின்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்கள், அத்தை, அம்மா, குழந்தைகள் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. அத்தை வைத்திருந்த விபூதிப் பொட்டலம் வழியில் பிரிந்து உறை முழுக்கக் கொட்டியிருந்தது. கடிதத்தைப் படிக்குமுன் அதைத்தான் தொட்டு இட்டுக்கொண்டேன்.

போனில் பேசுவது இப்போது சரியாகக் காதில் விழுவதில்லை, இனிமேல் கடிதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி மாமா, கடிதமே எழுதுவோம். அத்தனை வருஷம் நாகஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தவில் வாசித்து உழைத்த காது அது. நான் கேட்பதையெல்லாம் இனி உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

புயல் பற்றிப் பேப்பரில் பார்த்துவிட்டு பயந்திருக்கிறீர்கள். ஏயோவின் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். போன மாதம் 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மேற்குக் கரையில் மேஸ் ஹெட் என்ற இடத்தில் காற்று மணிக்கு 183 கிலோமீட்டர் அடித்தது. அயர்லாந்தில் இதுவரை அளந்ததில் அதுதான் அதிகம். டப்ளினில் மரங்கள் சாய்ந்ததோடு சரி, எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்கை விலகும்வரை வெளியே போகக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. நான் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அடுத்து, செல்வம் காட்டிய போட்டோ. என் கையில் கறுப்பாக, மேலே வெள்ளையாக ஒரு கிளாஸ் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை மாமா. அது ஸ்டவுட் என்ற பீர். அப்பாவை நினைத்து அம்மாவுக்கு இதில் உள்ள பயம் எனக்குத் தெரியும். அதனால் இதை நீங்களே அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு கிளாஸ். பைன்ட் என்பார்கள், 568 மில்லி பிடிக்கும். அதில் சாராயச் சத்து நூற்றுக்கு நாலே சொச்சம். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு கடை மூடும்வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. உள்ளே நல்ல கதகதப்பு. அதைவிட முக்கியம், பாட்டு.

இதற்கெல்லாம் காரணம் கீழ்வீட்டுப் பெரியவர். நம் பெரிய தாத்தா வயது இருக்கும், தனியாக இருக்கிறார். அவருடைய அப்பா இந்த ஸ்டவுட்டைக் காய்ச்சும் கின்னஸ் ஆலையில் மரப் பீப்பாய் செய்தவர். 1960களில் மரம் போய் உலோகப் பீப்பாய் வந்ததும் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. அந்த ஆலைக்குச் செயின்ட் ஜேம்ஸ் கேட் என்று பெயர். ஆர்தர் கின்னஸ் 1759இல் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். எத்தனை வருஷத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? 9000 வருஷத்துக்கு, வருஷம் 45 பவுண்டு வாடகைக்கு! நம் தாத்தா மடத்து நிலத்தில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, பவித்ராவிடம் சொல்லுங்கள். அவள் புள்ளியியலில் படிக்கிறாளே ஸ்டூடன்ட் டி சோதனை, அதைக் கண்டுபிடித்த காஸெட் இந்த ஆலையில் வேலை பார்த்தவர். சொந்தப் பெயரில் வெளியிட முடியாததால் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார்.

பெரியவருக்குப் பைன்டைச் சோதிப்பது ஒரு பூஜை. கிளாஸை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே வெள்ளை நுரை கலங்கி, குமிழிகள் ஓரமாகக் கீழே இறங்குவது நன்றாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகப் பிரியும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகுதான் மீதியை ஊற்றி நிரப்புவார்கள். மொத்தம் 119.5 வினாடி என்று கம்பெனியே விளம்பரம் செய்திருக்கிறது. இந்த நுரைக்குக் காரணம் நைட்ரஜன். 1959இல் மைக்கேல் ஆஷ் என்ற கணக்குப் படித்தவர் கொண்டுவந்த முறை அது. நுரை விளிம்புக்கு மேல் லேசாக மேடு கட்டி நிற்க வேண்டும், வழியக்கூடாது. குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வெள்ளை வளையம் கிளாஸில் ஒட்டி நிற்க வேண்டும். வளையம் நிற்காவிட்டால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று பெரியவர் முகம் சுளிப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அது கறுப்பே இல்லை மாமா, கருஞ்சிவப்பு. வறுத்த பார்லியின் நிறம் அது. வாயில் முதலில் நம் டிகிரி காபியின் கசப்பு வரும், பிறகு மெதுவாக இறங்கும்.

அவரோடு போய்ப் பார்த்த கடைகளில் பைன்டுக்கு முதல் இடம் பூல்பெக் தெருவில் இருக்கும் மல்லிகன்ஸ்தான். நுரையில் துளி குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே பேச்சுதான், வாசிப்பு இல்லை. எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் கிளாஸ்நெவின் இடுகாட்டை ஒட்டி கவனாஸ் என்று ஒரு கடை, 1833இலிருந்து இருக்கிறது. குழி வெட்டுகிறவர்கள் வந்து குடித்த இடம் என்பதால் ஊரே அதை ‘கிரேவ்டிகர்ஸ்’ என்றுதான் கூப்பிடுகிறது. அங்கேயும் பைன்ட் பிரமாதம். ஆனால் டிவி கிடையாது, பாட்டும் கூடாது. எனக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை. சும்மா உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ போகிறது. டெம்பிள் பார் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கென்றே நடக்கும் ஒரு கடையில் விலை அதிகம், நுரை மெலிசு, மைக் வைத்து ஒரே சத்தம். அங்கே பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

நான் போவது ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காப்ள்ஸ்டோன். பைன்ட் மல்லிகன்ஸுக்கு அரைப் படி கீழே. பரவாயில்லை. வாசலை ஒட்டிய மூலை வாசிக்கிறவர்களுக்கென்றே ஒதுக்கியது. 2021இல் அந்த இடத்தில் ஓட்டல் கட்ட ஒரு திட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். மாநகராட்சி அனுமதி தரவில்லை. நம் ஊரில் ஒரு கச்சேரி மேடைக்காக இப்படி ஒரு கூட்டம் கிளம்பினால் எப்படியிருக்கும் மாமா!

அங்கே மேடை கிடையாது. மைக் கிடையாது. பிடில், புல்லாங்குழல், கான்செர்டினா என்ற சின்னத் துருத்திப்பெட்டி என்று வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள். எல்லாம் கேள்வி ஞானம்தான், யார் முன்னாலும் காகிதம் இல்லை. ஒரு மெட்டுக்கு இரண்டு பாகம், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்து, முழுவதையும் இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவலில் கூட்டத்தில் ஒரு ‘ஹப்’ கேட்கும். நீங்கள் ஒரே கோர்வையை மூன்று தடவை அடித்துத் தீர்மானம் வைக்கும்போது முன்வரிசையில் கேட்குமே, அதே சத்தம்.

ஜிக் என்று ஒரு வகை, மூன்று மூன்றாகப் போகும், அப்படியே திஸ்ர நடை. தகிட தகிட என்று தொடையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். ரீல் என்பது நாலு நாலாக, சதுஸ்ரம். ஸ்லிப் ஜிக் என்று ஒன்று இருக்கிறது, அடிக்கு ஒன்பது. முதல் நாள் எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. ரூபக தாளத்தை மூன்று எண்ணிக்கையாக வைத்துத் திஸ்ர நடையில் போட்டுப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டது. மெட்டுகளில் பாதி சங்கராபரண ராகம். சிலது ஹரிகாம்போதி, சிலது சுத்தமாகக் கரகரப்பிரியா ஸ்வரங்கள். அதை நம்மைப் போல விரிப்பதில்லை, ஆலாபனை கிடையாது. ஆனால் ஸ்வரத்தைச் சுண்டுவதும் வெட்டுவதும் உண்டு. மேல்நாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் பாட்டுக் கட்டினாரே, அந்த நோட்டுஸ்வரத்தில் ‘வந்தே மீனாட்சி’ ஐரிஷ் மெட்டு என்று நீங்கள்தான் எனக்குச் சின்ன வயதில் சொன்னீர்கள். அந்த ஊரிலேயே வந்து உட்கார்ந்து கேட்பேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தாளத்துக்குப் பௌரான் என்று ஒரு வாத்தியம். ஆட்டுத்தோல், தப்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும். சின்னக் குச்சியால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையைத் தோலுக்குப் பின்னால் வைத்து அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்குகிறார்கள். இரண்டு பௌரான் சேர்ந்தால் மற்றவர்களுக்குப் பிடிப்பதில்லை. இதைக் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். தனி ஆவர்த்தனம் என்ற பேச்சே இங்கே இல்லை, அது ஒரு குறைதான்.

நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது இல்லன் பைப்ஸ். வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கைக்கு அடியில் துருத்தி, இன்னொன்றுக்கு அடியில் காற்றுப் பை. மடியில் மூன்று குழல்கள் ஒரே சுருதியை விடாமல் ஒத்து ஊதிக்கொண்டே இருக்கும். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த வாத்தியம். சுருதி இரண்டு கட்டை! கண்ணை மூடிக்கொண்டால் அந்த ஒத்து எனக்கு நேராக நம் மகாலிங்க சுவாமி கோயில் பிராகாரம்தான்.

போன ஞாயிறு அதை வாசித்தவர் ஜிக் எல்லாம் முடித்துவிட்டு, தாளம் இல்லாமல் மெதுவாக ஒரு மெட்டு எடுத்தார். கடையில் ஒரு கிளாஸ் சத்தம் இல்லை. முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்திருக்காமல், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் அவர்கள் மொழியில் பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடுவாளே, அந்தக் குரல். மாமா, என்னால் உட்கார முடியவில்லை. நாளை மறுநாள் தைப்பூசம். தீர்த்தவாரிக்குக் காவேரிப் படித்துறையில் கூட்டம் நிற்கும், சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிப்பார்கள், நீங்கள் இந்த வருஷம் தவில் மாட்டிக்கொண்டு நிற்க மாட்டீர்கள், நானும் அங்கே இல்லை. இதையெல்லாம் இங்கே யாரிடம் சொல்வது? பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். பஸ் இருக்கிறது, ஆனால் நான் இப்போதெல்லாம் எங்கேயும் நடந்துதான் போகிறேன். உடம்புக்கு நல்லது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது. பெரியவர் சில நாள் காட்ள் செய்து கொண்டுவருகிறார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் பன்றிக்கறியும் போட்டு வேகவைத்த குழம்பு, காரமே இருக்காது. நான் மிளகுப்பொடி தூவிக்கொள்கிறேன். வேலை மாறியிருக்கிறேன், இப்போது இரவு ஷிப்ட். பகலில் நேரம் கிடைக்கிறது, நல்லதுதான். சம்பளத் தேதி மாறியதால் இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். அம்மாவிடம் மாத்திரைக்குக் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் எழுதிய காரியங்கள்.

தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினைக்கு நான் வர வேண்டியதில்லை. பவர் பத்திரத்தின் வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். இங்கே தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், மறக்க வேண்டாம். கொல்லைப்புறம் சின்ன மாமாவுக்கே போகட்டும். அதற்காக அம்மா அவரோடு பேசாமல் இருக்க வேண்டாம்.

கல்பனா நிச்சயதார்த்தத்தை ஆவணிக்குத் தள்ளினால் எனக்குச் சௌகரியம். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டால் வைகாசியிலேயே வையுங்கள். என் பங்கு எப்படியும் வந்துவிடும்.

பழைய வார் தவிலை விற்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள் மாமா. தாத்தா தோளில் தொங்கியது. அந்தப் பலாக்கட்டை இனி யாருக்குக் கிடைக்கும்? போல்ட் வைத்த புதுத் தவிலை வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு தருகிறேன் என்கிறார்கள் என்று எழுதுங்கள், அந்தத் தொகையை நான் தவணையாக அனுப்புகிறேன். விஜி மகன் எதைப் பார்த்தாலும் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று அத்தை எழுதியிருந்தாள். விஜயதசமிக்கு அவனை உட்காரவைத்துத் தத்தகாரம், அந்த முதல் தவில் பாடத்தை, ஆரம்பித்துவிடுங்கள். சொல்லிக்கொடுக்கக் காது வேண்டும் என்று தட்டிக் கழிக்காதீர்கள். அவன் கையைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காது விஷயம். கும்பகோணத்தில் பார்த்தது போதும், தஞ்சாவூருக்குப் போய் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சீட்டைச் செல்வத்திடம் கொடுத்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். கருவிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கவில்லை. பங்குனிக்குள் வாங்கிவிட வேண்டும்.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரம். பதில் போடும்போது தைப்பூசத்துக்கு யார் யார் வாசித்தார்கள், என்ன ராகம் எடுத்தார்கள் என்று விஜியைக் கேட்டு விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்,
கணேசன்