நீள நாரைக் கொப்பரையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழைக் கழிவிலிருந்து காகிதம் செய்து வருமானம் பார்க்கலாம் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. படிப்பவர்கள் நம்பிக்கையோடு கடன் வாங்கி நார் எடுக்கும் இயந்திரம் வாங்குகிறார்கள். கொஞ்ச நாளில் அது தார்ப்பாய்க்குள் முடங்கிவிடுகிறது. தொழிலில் குறையில்லை. எந்த நாரை எதற்கு அனுப்ப வேண்டும், நாரை வேகவைத்த தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது.

முதலில் எடைக் கணக்கு. தார் வெட்டிய பிறகு ஒரு மரத்தின் தண்டு, ரகத்தைப் பொறுத்து 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ பச்சைத் தண்டுக்கு ஒரு கிலோ காய்ந்த நார் கிடைத்தால் அது நல்ல கணக்கு. ஏக்கருக்கு 1,000 மரம், மரத்துக்கு 20 கிலோ என்று வைத்தால் தண்டு 20 டன், நார் 200 கிலோ. தண்டை வண்டியில் ஏற்றி ஊருக்குள் இருக்கும் கூடத்துக்குக் கொண்டுபோகிறவர் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறார். இயந்திரம் தோப்புக்குப் போக வேண்டும். சக்கரம் வைத்த சட்டத்தில் அதைப் பொருத்த முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

வெட்டிய நாளிலேயே நார் எடுத்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் மட்டைச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் காற்றுபட்டுப் பழுப்பாகி நாரில் ஏறிவிடும். பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது. வெளியே காய்ந்து கறுத்த மட்டைகளைக் கழித்துவிடலாம். அடுத்து வரும் பச்சை மட்டைகளில் முரட்டு நார். கயிறு, பாய், பைக்கு அது ஏற்றது. நடு அடுக்குகளில்தான் வெளுத்த, மெல்லிய, நூற்கத் தகுந்த நார் இருக்கிறது. அதற்கும் உள்ளே போனால் நாரும் குறைவு, வலுவும் குறைவு. நட்ட நடுவில் இருக்கும் வாழைத்தண்டு காய்கறிக் கடைக்குப் போக வேண்டியது. இந்த அடுக்குகளைக் கலக்காமல் தனித்தனியாக இழுத்து, தனித்தனியாகக் கட்ட வேண்டும். கலந்து கட்டிய நாருக்கு வாங்குபவர் மட்டமான தரத்தின் விலையைத்தான் தருவார்.

இயந்திரத்தின் ட்ரம்மில் பதித்த தகடுகள் மழுங்கலாக இருக்க வேண்டும். சாணை பிடித்தால் அவை சுரண்டாமல் நாரை வெட்டிவிடும். தகட்டுக்கும் அதன் எதிரே உள்ள தாங்கு தகட்டுக்கும் இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். மட்டையின் கனத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். நாரோடு சோறு, அதாவது மட்டையின் சதைப்பகுதி, ஒட்டி வந்தால் இடைவெளி அதிகம், நார் துண்டு துண்டாகச் சக்கையில் விழுந்தால் இடைவெளி குறைவு. தகடு எவர்சில்வராக இருக்கட்டும். சாதா இரும்பில் வாழைச் சாறு பட்டால் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாரைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ட்ரம் நாரை இழுத்தால் கையும் சேர்ந்து போய்விடும். விரல்களால் மட்டும் பிடிக்க வேண்டும்; வழுக்கினால் விட்டுவிட வேண்டும். எடுத்த நாரை உடனே அலசி, பிழிந்து, நிழலில் கொடி கட்டி, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தினால்தான் மூட்டை கட்டலாம். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்து, இழுத்தால் அறுந்துவிடும்.

இனி காகிதம். 10 கிலோ சுத்தமான நாரை வேகவைத்தால் கூழ் ஏறத்தாழ 5 கிலோதான் மிஞ்சும். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள தாளில் ஒரு ஏ4 அளவுத் தாளின் எடை 6.25 கிராம். ஆக, சேதாரமே இல்லை என்றாலும் 800 தாள். இத்தனை பாடுபட்டு இழுத்த, முழம் முழமாக நீண்ட நாரை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பாதியைக் கரைத்துவிட்டு 800 தாள் செய்வது சரியான கணக்கல்ல. அந்த நார் கயிற்றுக்கும் பைக்கும் தறிக்கும் போகட்டும். சென்னை அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரை ஊடையாக வைத்துச் சேலையே நெய்கிறார்கள். காகிதத்துக்கு வேண்டியது சிக்கு நார், அறுந்த நார், கறை பிடித்த நார், சக்கையில் விழுந்த குட்டை நார் ஆகியவைதான். எப்படியும் ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டப்போகிற பொருள் ஒரு மீட்டர் நீளம் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் சக்கையை அப்படியே வேகவைக்கும் கொப்பரையில் கொட்டக் கூடாது. அதில் நாரை விடச் சோறு அதிகம். சோறு கூழில் கலந்தால் அச்சுச் சட்டத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும்; தாள் காயும்போது சுருங்கி, நெளிந்து, அப்பளம்போல மொரமொரப்பாகிவிடும். கரும்புச் சக்கையிலும் இதே சிக்கல் உண்டு. கரூர் மாவட்டம் புகழூரில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்துவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டி.என்.பி.எல்.) ஆலையிலும், சோற்றை நீக்கிய பிறகே சக்கை வேகப் போகிறது. சிறிய அளவில் செய்பவர்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சக்கையைப் போட்டு, தண்ணீர் பாய்ச்சி அலசினாலே போதும். சோறு கீழே இறங்கும், குட்டை நார் மேலே தங்கும். இறங்கிய சோறு மண்புழு உரத்துக்கு நல்ல தீனி.

வேகவைக்கும் அளவு இது. காய்ந்த நார் 10 கிலோவை ஒன்று, இரண்டு சென்டிமீட்டராக நறுக்கி இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். நீளமாக விட்டால் பிறகு, கூழை நசுக்கும் பீட்டர் இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் 100 முதல் 120 லிட்டர். காஸ்டிக் சோடா சுத்தமான நாருக்கு ஒரு கிலோ, சக்கை நாருக்கு 1.2 கிலோ. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து, தீப்பற்றும் வாயுவை வெளியேற்றும். மூன்று மணி நேரம் கொதித்த பிறகு ஒரு துண்டை எடுத்து அலசி விரலால் இழுத்துப் பார்த்தால் பஞ்சாகப் பிரிய வேண்டும். நடுவில் குச்சியாக நின்றால் இன்னும் அரை மணி நேரம் தேவை. சோடாவை அதிகப்படுத்தி நேரத்தைக் குறைக்க நினைத்தால் கூழும் குறையும், வலுவும் போகும்.

அலசுவதில்தான் பலர் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்கள். அமில, கார அளவைக் காட்டும் பி.எச். தாள் 7, 7.5 காட்டும்வரை அலசவில்லை என்றால் தாள் சில மாதங்களில் மஞ்சளாகிவிடும். பிறகு பீட்டர். வீட்டு மிக்ஸியின் கத்தி நாரை நறுக்கும். காகிதத்துக்கு நார் நசுங்கி ஓரம் பிசிறு விட வேண்டும், அந்தப் பிசிறுதான் தாளைப் பிணைக்கிறது. வாழைக் கூழ் பீட்டரில் சீக்கிரம் பதமாகிவிடும். பருத்திக்குப் பழகியவர்கள் அதே நேரம் ஓட்டி அதைக் கஞ்சியாக்கிவிடுவார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை கூழைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கட்டி இல்லாமல் மேகமாகப் பரவினால் நிறுத்திவிடலாம்.

தனி வாழைத் தாள் விறைப்பாக, ஓரளவு ஒளி ஊடுருவும்படி இருக்கும். விளக்குக் கூண்டுக்கும் உறைக்கும் அது அழகு, எழுதுவதற்கு அல்ல. எழுதும் தாளுக்கு மூன்றில் ஒரு பங்கு வாழைக் கூழோடு திருப்பூர் பனியன் கட்டிங் கழிவிலிருந்து செய்த பருத்திக் கூழைச் சேர்க்கலாம். மை பரவாமலிருக்க ரோசின் என்ற பிசினும் படிகாரமும் போடும் பழைய முறை தாளில் அமிலத்தை விட்டுவைக்கிறது. நெடுநாள் இருக்க வேண்டிய தாளுக்கு, அமிலம் இல்லாமலே மை பரவாமல் தடுக்கும் ஏ.கே.டி. பசையும் இரண்டு, மூன்று சதவீதம் கால்சியம் கார்பனேட்டும் நல்லது. வெளுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிளீச்சிங் பவுடரை இதில் நுழைத்தால் கழிவுநீர் இன்னும் நஞ்சாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். வேகவைத்து வடித்த நீரில், நாரைப் பிணைத்திருந்த லிக்னின் என்ற பொருளும் சோடாவும் கலந்திருக்கும், காரத்தன்மை பி.எச். 12ஐத் தாண்டும். வாய்க்காலில் விட்டால் மீன் சாகும், பயிர் கருகும். அமிலம் ஊற்றி 7க்குக் கொண்டுவந்தாலும் நிறமும் சோடியமும் அதிலேயே இருக்கும். சோடியம் ஏறிய களிமண் இறுகி, தண்ணீரே இறங்காத தரையாகிவிடும். பெரிய ஆலைகள் இந்த நீரைச் சுண்ட வைத்து, மீட்புக் கொதிகலனில் எரித்து, சோடாவைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பத்துப் பேர் நடத்தும் கூடத்தால் அது முடியாது. வீட்டுக்கு வீடு கொப்பரை வைக்கச் சொல்லும் திட்டங்களை நாங்கள் எதிர்ப்பதற்கு இதுவே காரணம்.

காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. விலை கூடுதல், அதே வேலைக்கு எடையும் ஒன்றுக்கு 1.4 என்ற அளவில் கூடுதலாக வேண்டும். ஆனால் மிஞ்சும் நீரில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து இருக்கும். சமன்செய்து, நீர்த்து, மண்ணைப் பரிசோதித்து அளவோடு வயலுக்கு விடலாம். வாழை மற்ற எதையும் விட அதிகமாகக் கேட்கும் சத்து அதுதான். நார் எடுக்கும்போது வடியும் சாற்றிலும் அதே சத்து இருக்கிறது. குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் அந்தச் சாற்றிலிருந்து திரவ உரம் செய்யும் முறையை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. நம் ஊரில் சாறு வரப்பில் ஓடி வீணாகிறது.

தண்டை வெறும் கழிவு என்று சொல்வதும் முழு உண்மையல்ல. மறுதாம்பு விடும், அதாவது பக்கக் கன்றையே அடுத்த பயிராக வளர்க்கும் தோட்டத்தில் தாய்மரத்தின் அடித்தண்டிலிருந்து சத்து கன்றுக்கு இறங்குகிறது. அங்கே இரண்டு, மூன்று அடி விட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். மறுதாம்பு இல்லாத இடத்தில் மொத்தமாக அகற்றுவதே நல்லது. கிடக்கும் தண்டில் கூன்வண்டு பெருகும். எப்படி எடுத்தாலும் சக்கை உரமாக அதே நிலத்துக்குத் திரும்ப வேண்டும். வாடல் நோய் கண்ட தோட்டத்தில் மட்டும் நார் எடுக்கவே கூடாது. இயந்திரத்தின் சக்கரத்தில் ஒட்டிய மண்ணும் தெறித்த சாறும் அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோய்விடும்.

அரசிடமும் வங்கிகளிடமும் எங்கள் கோரிக்கை இது. நார் இயந்திரம் தொழில் செய்யும் குழுக்களிடம் இருக்கட்டும். வேகவைப்பதும் அலசுவதும் பீட்டர் ஓட்டுவதும், வாழை அதிகம் உள்ள ஒன்றியத்துக்கு ஒரு பொதுக் கூடத்தில் நடக்கட்டும். அங்கே ஒரே கொதிகலன், ஒரே கழிவுநீர்த் தொட்டி, தினமும் பி.எச். பார்த்து எழுத ஓர் ஆள். குழுக்கள் காய்ந்த குட்டை நாரைக் கொடுத்து, அலசிய ஈரக் கூழை வாங்கிக்கொண்டு போய் அவரவர் இடத்தில் தாள் செய்யலாம். புகழூர் ஆலைக்குச் சக்கை கிடைத்ததும் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டால்தான். சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கைக்கு ஈடாக வேறு எரிபொருளுக்கு வழி செய்து கொடுத்தார்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அறிவுரைக்குப் பஞ்சமில்லை. முதல் கூடத்தை எங்கள் மாவட்டத்தில் வாழை அதிகம் விளையும் தொட்டியம் பகுதியில் தொடங்கலாம். இடம் மட்டும் ஆற்று வாய்க்காலிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாழைநார், கைக்காகிதத் தொழில் செய்வோர்,
திருச்சி மாவட்டம்.