அண்ணாமலை நகரில் ஓய்வு பெறும் சிறப்பு உதவி ஆய்வாளருக்கு மரியாதை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அண்ணாமலை நகர் குடியிருப்போர், கடைக்காரர்கள், விடுதிப் பணியாளர்கள், பல்கலைக்கழக முன்னாள் மாணவர்கள்
(பெயர், முகவரி, கையொப்பம் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர் மாவட்டம், கடலூர்.

பொருள்: பணி ஓய்வு பெறும் சிறப்பு உதவி ஆய்வாளரைத் தாங்களே நேரில் வந்து பாராட்டவும், ஓய்வுக்குப் பின்னும் அவருடைய அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

அண்ணாமலை நகர் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, முதல் நிலை, தலைமைக் காவலர் என்று ஒவ்வொரு படியாக வந்தவர். நடுவில் மாறுதலில் வெளியே போயிருந்தாலும், பணிக்காலத்தின் பெரும்பகுதியை எங்கள் ஊரில்தான் கழித்தார். இந்த மனு பொதுவில் பகிரப்படுவதால் அவர் பெயரையும் பணி எண்ணையும் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் எங்கள் ஊரே வளர்ந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சிதம்பரம் கோயிலும் நகரமும். இந்தப் பக்கம் வகுப்பறைகளும் விடுதிகளும். இங்கே மாணவருக்கும் காவல் துறைக்கும் நடுவில் பழைய காயங்கள் உண்டு. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1971-ல் பட்டமளிப்பு விழாவை ஒட்டி நடந்த தடியடிக்குப் பிறகு மாணவர் உதயகுமார் உயிரிழந்தார். அப்புறம் 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. இப்படிப்பட்ட ஊரில் காக்கிச் சட்டையை மாணவர்கள் எளிதில் நம்பிவிட மாட்டார்கள். அவரை நம்பினார்கள். நாங்கள் தங்களிடம் வந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

புது மாணவர்கள் பெட்டியோடு வந்திறங்கும் நாட்களில் அவர் ரயில் நிலையத்திலோ விடுதி வாசலிலோ நிற்பார். ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கம் என்று சீனியர்களிடம் நேராகச் சொல்வார். முதலாண்டுப் பிள்ளைகளிடம் சட்டம் பேசமாட்டார். "சாப்டீங்களா, ரூம் கெடச்சுதா" என்று கேட்டுவிட்டுத் தன் செல்போன் எண்ணைக் கொடுப்பார். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பார். விடுதிச் சமையல்காரரிலிருந்து வார்டன் வரை எல்லோருக்கும் இது தெரியும்.

டீக்கடையில் தோள் இடித்ததற்காக இரண்டு துறை மாணவர்கள் கைகலப்பில் இறங்குவது இங்கே புதிதல்ல. அப்படி வந்த புகார்களில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ரசீது) போட்டு, இரு தரப்பையும் உட்கார வைத்து, பெற்றோரையும் துறைத் தலைவரையும் வரவழைத்துப் பேசுவார். இதைக் கட்டப்பஞ்சாயத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடிபட்டவர் வழக்கு வேண்டும் என்றால் அன்றைக்கே வழக்குதான். பெண் பிள்ளைகளின் புகாரையும் ராகிங் புகாரையும் அவர் ஒருநாளும் சமரசத்துக்கு விட்டதில்லை. அழுத்தம் வந்தபோதும் விட்டதில்லை. மற்றவற்றில் அவர் அவசரப்படாமல் இருந்ததன் மதிப்பு மாணவனுக்குப் பிற்பாடுதான் புரியும். ஒருவர் மீது குற்ற வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் நிற்கும். அரசு வேலைக்கான நன்னடத்தை விசாரணையிலும் நிற்கும். காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் ஜெயித்தவர்கள்கூடப் பழைய அடிதடி வழக்கால் வேலையை இழந்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனின் ஒரு மாலை நேரக் கோபம் அவன் வாழ்க்கையையே மறித்துவிடாமல் இவர் பார்த்துக்கொண்டார். இன்று பல ஊர்களில் ஆசிரியராகவும் வேளாண் அதிகாரியாகவும், ஏன், காவல் துறையிலுமே இருக்கும் சிலர் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பது இதற்காகத்தான்.

இதை எழுதும் நான் இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். நகல் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், தொலைந்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் நிலையம் சான்று தர வேண்டும். அஞ்சல் வழியில் படித்தவர்கள், வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள், பீகாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து தமிழ் தெரியாமல் தடுமாறுபவர்கள் என்று எல்லோரையும் நான் அவரிடம் அனுப்பியிருக்கிறேன். மனுவில் எது விட்டுப்போயிருக்கிறது என்று அவரே சொல்லித் திருப்பி அனுப்புவார். திருத்தி எழுதிக் கொண்டுபோனால் வேலை நடக்கும். காசு கேட்டார் என்று ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்கூட வேண்டாம் என்பார்.

மழைக்காலத்தில் பழைய கொள்ளிடம் பக்கமிருந்து முதலை ஊருக்குள் வந்துவிட்டால், வனத்துறையினர் வரும்வரை கூட்டத்தை விலக்கி நிறுத்துவதும் இவர் வேலையாகத்தான் இருந்தது. 2011 தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் அவர் பட்ட பாட்டை இணைப்பில் விடுதி ஊழியர்களே எழுதியிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு முதலமைச்சரின் காவலர் பதக்கமும், செப்டம்பர் 15 அன்று அண்ணா பதக்கமும் அறிவிக்கப்படுகின்றன. எங்களுக்குத் தெரிந்து அந்தப் பட்டியல்களில் அவர் பெயர் வந்ததில்லை. பிடிபட்ட திருடனும் மீட்ட நகையும் கோப்பில் ஏறுகின்றன. நடக்காமல் போன மோதலை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அதனால்தான், அருகில் இருந்து பார்த்த நாங்கள் எழுதித் தருகிறோம்.

எங்கள் முதல் வேண்டுகோள், மே 31 அன்று தாங்கள் நிலையத்துக்கே வந்து, பொதுமக்கள் முன்னிலையில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது. வழக்கமாக ஓய்வு பெறுபவர்களை மாவட்ட அலுவலகத்துக்கு வரவழைத்துச் சால்வை போடுவதை அறிவோம். ஆனால் இவரை வாழ்த்த விரும்பும் சமையல்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வேலை நாளில் கடலூர் வரை வர முடியாது.

இரண்டாவது வேண்டுகோள் எங்களுக்கு இன்னும் முக்கியமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். அதில் காவல் துறை, பெற்றோர், தன்னார்வ அமைப்புகள் ஆகிய தரப்புகளின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். ஓய்வுக்குப் பிறகு இவரைத் தன்னார்வலராக அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி பல்கலைக்கழகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். நிலையத்துக்குப் புதிதாக வரும் இளம் காவலர்களோடு அவர் சில நாள் உட்கார்ந்து பேசவும் ஏற்பாடு செய்தால் நல்லது. எந்த விடுதியில் எப்போது சண்டை மூளும், யாரிடம் பேசினால் அடங்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பந்தல், நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் கடைக்காரர் தரப்பில் நாங்களே ஏற்கிறோம். துறைக்குச் செலவு வைக்க மாட்டோம். தாங்கள் வர இயலும் நேரத்தை ஒரு வாரம் முன்னதாக நிலைய ஆய்வாளர் மூலம் தெரிவித்தால், வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ரயிலுக்கு முன்பதிவு செய்துகொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அண்ணாமலை நகர் பொதுமக்கள் சார்பில்
(கையொப்பங்கள் இணைப்பில்)

இடம்: அண்ணாமலை நகர்

இணைப்பு: அலுவலரின் பெயர், பணி விவரத் தாள், கையொப்பத் தாள்கள், விடுதி ஊழியர்களின் கடிதம்