நம் குடியிருப்போர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் நாளை பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகும் உறுப்பினர்களே, வணக்கம்.

சுதந்திர தினம், ஓண விளையாட்டு, குடியரசு தினம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு 9 முறை கூடியது. 2 முறை போதிய உறுப்பினர் வராததால் (கோரம் இல்லாமல்) கலைந்தது.

இனி குடிநீர். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின் முதல் வாரத்தில் குழாயில் செம்மண் கலங்கல் வந்தது. "கிணறு போச்சு, ஆர்.ஓ. வைக்கணும்" என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் தீர்மானமே போட்டுவிட்டார்கள். கெட்டது கிணறல்ல, மணல் வடிகட்டி. மூடியைத் திறந்தால் மேல்மணல் அடைபோல் இறுகி, நெல்லிக்காய் பருமனில் மண் உருண்டைகள். மாதக்கணக்கில் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்யாததன் பலன். அடையின் வெடிப்பு வழியே தண்ணீர் வடிகட்டப்படாமலே இறங்கியிருக்கிறது. அந்த மணலை அள்ளிவிட்டுப் புதுமணல் போட்டோம்.

இப்போது வடிகட்டியின் உள்கேஜுக்கும் வெளிகேஜுக்கும் அழுத்தத்தில் 0.5 கிலோ வித்தியாசம் கண்டால் பேக்வாஷ். காணாவிட்டாலும் வாரம் ஒருமுறை. மோட்டாரை நிறுத்திய பிறகே வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே கேஸ்கெட் கிழியும். நமக்கு ஒன்று கிழிந்தது. கழிவுக் குழாயில் தண்ணீர் தெளியும்வரை, சுமார் 10 நிமிடம் விட வேண்டும். பிறகு ரின்ஸ், அதாவது வழக்கமான திசையில் சிறிது நேரம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரையும் கழிவில் விடுவது. அதை விட்டுவிட்டால் கிளம்பிய அழுக்கு முழுவதும் மேல்தொட்டிக்குத்தான்.

வடிகட்டி கலங்கலைத்தான் பிடிக்கும். கண்ணாடிபோல் தெளிந்திருந்த நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய சோதனைப் புட்டி ஒரே இரவில் கறுத்தது; கிருமி இருப்பதன் அடையாளம் அது. கிருமிக்குக் குளோரின் வேண்டும். 10,000 லிட்டர் தொட்டிக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 80 கிராம். அதாவது லிட்டருக்கு 2 மி.கி. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது எஞ்சியிருக்க வேண்டும். ஓ.டி. (குளோரினைக் காட்டும் ஆர்த்தோடாலிடின் கரைசல்) சொட்டு விட்டால் இளமஞ்சள் தெரியும். தெரியாவிட்டால் அளவு போதவில்லை.

முந்தைய ஆண்டு மலிவென்று வாங்கிய 25 கிலோ மூட்டை, வாய் திறந்தே கிடந்து வீரியம் போய்விட்டது. எவ்வளவு போட்டும் மஞ்சள் வரவில்லை. இனி சிறு பொட்டலம், இறுக மூடிய டப்பா.

"வெள்ளத்துல (தண்ணீரில்) மருந்து வாடை" என்போர் குடத்தைத் துணியால் மூடி ஓர் இரவு வைத்தால் வாடை குறையும். ஆர்.ஓ. கேட்போருக்கு: அது உப்பைக் குறைக்கும் கருவி. கடலோரத்தில் உப்பேறிய கிணறுகளுக்குத் தேவைதான். நம் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி.க்கு வெகு கீழே. ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை எந்த ஓடையில் விடுவது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு; மணல், கேஸ்கெட், பவுடர் காரணம். சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயரை வாசிக்க வேண்டாமென்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், மோட்டார் இயக்குபவர், தேநீர் தந்த மகளிர் அணியினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியாக விட்டுத்தருவேன். வால்வு அறைச் சாவியும் ஓ.டி. புட்டியும் என் வீட்டில்தான் உள்ளன. புட்டியில் இன்னும் கால்வாசிதான் மீதி.

இப்படிக்கு,
செயலாளர்