டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கச் சொல்லும் விதியை எடுத்துவிடுங்கள்

பந்திங் வட்டாரக் கார்ப் பந்தய ஏற்பாட்டாளர்களுக்கு, வணக்கம்.

செப்பாங் பந்தயத் தளத்தில் நடக்கும் ஓட்டத்துக்காக நீங்கள் அனுப்பிய விதித்தாளில், எல்லாக் கார்களிலும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அணைந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். உதவி இல்லாமல் ஓட்டினால்தான் கால் பழகும் என்பது உங்கள் எண்ணம். பழகிய கைக்கு அது சரி. முதல் தடவை ஓடுதளத்தில் இறங்கும் பிள்ளைக்கும் அதே விதியா?

முதலில், அந்த வரி எதை அணைக்கச் சொல்கிறது என்பதே தெளிவாக இல்லை. டிராக்‌ஷன் கண்ட்ரோல் இயக்கு சக்கரம் வெறுமனே சுற்றுவதைக் கண்டு எஞ்சின் இழுவையைக் குறைக்கும், தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்கும். நிலைத்தன்மைக் கட்டுப்பாடான இஎஸ்சி, ஸ்டீரிங் ஒரு பக்கமும் கார் வேறு பக்கமும் போனால் குறுக்கிடும். ஏபிஎஸ் பிரேக்குக்கு உரியது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். பல கார்களில் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் முதலாவது மட்டும் அணையும். சில நொடி அழுத்திப் பிடித்தால் இரண்டாவதும் போகும். சில கார்களில் வேகம் ஏறியதும் தானாகத் திரும்பி வந்துவிடும். கார் கையேட்டைப் படித்து, டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். நம் வட்டாரத்தில் இது சர்வ சாதாரணம். அதோடு, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அளந்துவிடும் இபிடியும் போய்விடும். செப்பாங்கின் 14-ஆம் வளைவில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அங்கே பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாகச் சுற்றும். ஓட்டத்துக்கு முந்திய பரிசோதனையில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும் காரை இறங்க விடாதீர்கள். விதியாக எழுத வேண்டியது அதைத்தான்.

படிப்படியாக அணைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றுகளில் எல்லாம் இயங்கட்டும். அமைப்பு குறுக்கிடும்போது டாஷ்போர்டில் சிமிட்டும் மஞ்சள் விளக்கு எந்த வளைவில் கண்சிமிட்டுகிறது என்று ஓட்டுநர் கவனிக்கட்டும். 2-ஆம் வளைவிலும் 15-ஆம் வளைவிலும் வெளியேறும்போது சிமிட்டினால், ஸ்டீரிங்கை நேராக்கும் முன்பே எண்ணெய்ப் பெடலை மிதிக்கிறார் என்று பொருள். 9-ஆம் வளைவு ஏற்றம். எடை பின்னுக்குப் போவதால் பின்சக்கர இயக்கக் காருக்கு அங்கே பிடி கூடும், முன்சக்கர இயக்கக் காருக்குக் குறையும். ஆகவே ஒரே விளக்கு இரண்டு கார்களுக்கும் ஒரே செய்தியைச் சொல்லாது.

சிமிட்டல் அரிதான பிறகு ஸ்போர்ட் நிலை. சக்கரம் காரின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போதுதான் டயரின் இழுபிடி உச்சத்துக்கு வரும். சாலைக்கான சாதாரண நிலை அதற்கு முன்பே இழுவையை வெட்டிவிடும். ஸ்போர்ட் நிலை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நேரம் குறைவது பெரும்பாலும் இங்கேதான். முழுக்க அணைப்பது தரை காய்ந்து, டயர் சூடேறி, எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) உள்ள காரில் மட்டும். சாதாரண டிஃபரென்ஷியலில் அணைத்தால் உள்சக்கரம் புகை விடும், கார் முன்னே போகாது. அணைத்தபின் காரின் வால் வீசினால் எண்ணெய்ப் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கக் கூடாது. எடை முன்னுக்குப் பாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும்.

அணைக்காமல் ஓட்டுவதிலும் செலவு உண்டு, மறைக்கவில்லை. அமைப்பு ஓயாமல் பிரேக்கைப் பிடித்து விடுவதால் பின் பிரேக் பேட் முன் பேட்டை முந்திக்கொண்டு தேயலாம். கழற்றிப் பார்த்தால் முகம் கண்ணாடி போலப் பளபளக்கும், ஓரம் பொரிந்திருக்கும். டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். ஓட்டத்துக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆற, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டட்டும், பிட்டில் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம்.

டயர் அளவையும் பாருங்கள். முன்னே 215/40 ஆர்17, பின்னே 225/45 ஆர்17 போட்டால் விட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீத வேறுபாடு. நான்கும் ஒரே அளவில் வந்த காரில், நேர்கோட்டில் போகும்போதே, சக்கர வேகங்களை ஒப்பிடும் அமைப்பு குழம்பும். அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராவிட்டாலும் இதே தொல்லைதான்.

மழை வந்தால் எல்லாரும் இந்த அமைப்பை இயக்க வேண்டும், வாதம் வேண்டாம். பிற்பகல் இடிமழை நமக்குத் தெரியாததா?

இன்னொன்று. உங்கள் விதியைப் படித்துவிட்டுச் சில பையன்கள் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் இரவில் "பழகிப்" பார்க்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி விட்டுப்போன செம்மண் மீது அணைத்துப் பார்ப்பதில் எதுவும் கற்க முடியாது, எதிரே மோட்டார்சைக்கிளில் பால்மரத் தொழிலாளி வரலாம். ஓட்டநாள் காலையில், ஏற்பாட்டாளர் அனுமதியோடு, காலியான தளத்தில் நனைத்த தரையில் பழக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பரிசோதனை மேசையில் பொத்தான்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொடுக்க எங்கள் ஆட்கள் இருவர் வருவார்கள். புதிய விதித்தாள் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பந்திங் வட்டாரப் பட்டறைக்காரர்களும் ஓட்டப் பயிற்றுநர்களும்